அச்சிட்ட அட்டையில் ரயில் பெட்டியும் நிலையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் நான் நடத்தும் போட்டோக்கொப்பிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், பேனைகளுக்கும் கடித உறைகளுக்கும் நடுவே, பழுப்பு நிறச் சரக்குப் பெட்டி ஒன்று நிற்கிறது. என் நடுவிரலைவிடக் கொஞ்சம் குட்டை. அதற்குப் பின்னால் ஒரு சிறிய நிலையக் கட்டடம், இரண்டு பனை. பிறப்புச் சான்றிதழைப் பிரதியெடுக்க வருபவர்கள் பிரதி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு கேள்விகள் தொடங்கும். ஒரே பதிலைப் பல வருடங்களாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, இது உண்மையில் கடதாசியா?

கடதாசிதான். சக்கரமும் அவற்றை இணைக்கும் அச்சுத்தண்டும் மட்டும் உலோகம். சுவர், கூரை, கதவு, கைப்பிடியின் நிழல் எல்லாமே கணினியில் வரைந்து, அச்சிட்டு, வெட்டி, மடித்து ஒட்டியவை.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. பிரான்சின் எபினால் நகரத்து அச்சகங்களும் ஜெர்மனியின் எஸ்லிங்கன் பதிப்பகமும் 19ஆம் நூற்றாண்டிலேயே வெட்டி ஒட்டும் கட்டடத் தாள்களை விற்றன. போலந்தில் இதற்கென்றே ஒரு சஞ்சிகை 1957இல் தொடங்கியது. பிரித்தானியாவில் மாதிரி ரயில் வைத்திருப்பவர்களின் மேசைகளில் அச்சிட்ட அட்டை வீடுகளை இன்றும் பார்க்கலாம்.

பிளாஸ்ரிக் ரயிலை வாங்கினால் என்ன?

வாங்கலாம். ஆனால் கடைகளில் விற்பவை பெரும்பாலும் பிரித்தானிய, ஜெர்மன், அமெரிக்க ரயில்கள். மாங்குளத்துக்கு வருகிற ரயில் வேண்டுமென்றால் நாம்தான் செய்ய வேண்டும். அட்டை மலிவு. பிழைத்தால் இன்னொன்றை அச்சிடலாம்.

இன்னொரு காரணம் எனக்கு மட்டும் உரியது. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான பாதை 1905இல் முழுமையானது. கொழும்புக்கும் வடக்குக்கும் இடையிலான யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் போரால் வவுனியாவுக்கு வடக்கே எல்லாம் நின்றுபோயிற்று. நான் முதன்முதலில் கண்ட தண்டவாளம் எங்கள் வீட்டுப் பதுங்குகுழியின் கூரையில் குறுக்கே கிடந்தது. அதன்மேல் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை, அதன்மேல் மண். ரயில் என்பது அம்மா சொல்லும் கதை. கேட்டதை வைத்துக் கொப்பி மட்டையில் வெட்டி ஓட்டினேன். எஞ்சினுக்கு எத்தனை சில்லு என்று அம்மாவுக்கும் தெரியாது. ஓமந்தைக்கு 2011இலும், கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும், யாழ்ப்பாணத்துக்கு 2014இலும் ரயில் திரும்ப வந்தது. வந்த அன்று மற்றவர்கள் கை அசைத்தார்கள். நான் சில்லுகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

எந்த அளவுகோலில் செய்வது?

இதைக் கேட்காமல் தொடங்கியவர்கள்தான் பாதியில் விட்டவர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கையின் ரயில் பாதை அகலப் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீற்றர், அதாவது ஓர் ஆளின் உயரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பாதைகள் 1435 மில்லிமீற்றர். உலகில் அதிகம் விற்கும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர். அது 1435ஐ 87ஆல் சுருக்கினால் கிடைக்கும் அளவு. நம்முடைய பாதையை 87ஆல் சுருக்கினால் 19.3 வரும். பிரித்தானியர் வழக்கமாகப் பயன்படுத்தும் 76ஆல் சுருக்கினால் 22 வரும். அவற்றை 16.5 தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய உடம்புக்கு ஒடுங்கிய கால் வைத்ததுபோல இருக்கும்.

100ஆல் சுருக்கிப் பாருங்கள்: 16.76. வாங்கும் தண்டவாளத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கால் மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஆதாயம், கணக்கே தேவையில்லை. நிஜத்தில் ஒரு மீற்றர், மாதிரியில் ஒரு சென்ரிமீற்றர். 18 மீற்றர் நீளமான பெட்டி 18 சென்ரிமீற்றர். ஏ4 தாளின் நீளத்துக்குள் வசதியாக அடங்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 2.3 மில்லிமீற்றர். கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்றின் மட்டையை அளந்து பார்த்தேன், இரண்டுக்குச் சற்றுக் குறைவு. அதன்மேல் அச்சிட்ட தாளை ஒட்டினால் சுவர் தயார். வன்னியில் அட்டை ரயில் செய்பவர் நூறிலொன்றை விட்டு வேறு அளவுக்குப் போக ஒரு நியாயமும் இல்லை என்பது என் பிடிவாதம். இடம் போதாது என்பவர்கள் 9 மில்லிமீற்றர் தண்டவாளத்தைக் காட்டுவார்கள். அதற்குப் பொருந்த வேண்டுமானால் பெட்டியை ஏறத்தாழ 186ஆல் சுருக்க வேண்டும். அந்த அளவில் யன்னல் வெட்ட என் கண்ணுக்கு முடியாது.

என்ன தாள், என்ன அட்டை?

அச்சிடுவதற்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றரின் எடை, கிராமில்) வரையான தாள். அதற்கு மேல் தடித்தால் சாதாரண அச்சுப்பொறி இழுக்காது. உள்ளே விறைப்புக்குப் பிரிஸ்டல் போட் என்ற வழுவழுப்பான அட்டை, கட்டடச் சுவருக்குப் பழைய சி.ஆர். கொப்பி மட்டை. காட்போட் பெட்டி வேண்டாம். அதன் உள்நெளிவு எப்படியும் ஒருநாள் வெளியே தெரியும்.

தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. ஒரு துண்டை நீளமாகவும் குறுக்காகவும் மெதுவாக வளைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் இணங்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். வளைந்த கூரைக்கு நார் பெட்டியின் நீளத்தோடு ஓட வேண்டும். மாறினால் கூரையில் சிறு முறிவுகள் விழும். எவ்வளவு வர்ணம் பூசினாலும் அவை மறையா.

அச்சிட்டேன், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஏன்?

“பக்கத்துக்குப் பொருத்து” என்ற தெரிவை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். நானும் அழுத்தியிருக்கிறேன், என் சொந்தக் கடையிலேயே. அச்சுப்பொறி ஓரத்தில் வெள்ளை விட வேண்டியிருப்பதால் படத்தை நூற்றுக்கு மூன்று நான்கு வீதம் சுருக்கிவிடும். 18 சென்ரிமீற்றர் பெட்டி ஏழு மில்லிமீற்றர் வரை குறையும். எல்லாத் தாளும் ஒரே அளவு சுருங்கினாலாவது பரவாயில்லை. பக்கச் சுவர் ஒரு கடையில், கூரை இன்னொரு கடையில் என்று அச்சிட்டால்தான் ஆபத்து.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் 100 மில்லிமீற்றர் கோடு ஒன்றை வரைந்து விடுங்கள். தாள் வெளியே வந்ததும் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள். 100 இல்லையென்றால் கடைக்காரரிடம் “உண்மை அளவு” என்று கேளுங்கள். அவர் முகத்தைச் சுளித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள்.

மை அச்சில் (இன்க்ஜெட்) நிறம் நன்றாக வரும், ஆனால் ஈரப் பசை பட்டால் கசியும். தூள் மை அச்சு (லேசர்) நனையாது, ஆனால் மடிப்பில் உதிர்ந்து வெள்ளைக் கோடு காட்டும். நான் தூள் மையை எடுத்து, மடிப்புகளுக்கு நிறப் பென்சில் தீட்டுகிறேன். வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற கணினி மென்பொருள் போதும், அது இலவசம். புகைப்படத்தை ஒட்டுவதானால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கட்டும்.

மடிப்பு ஏன் எனக்கு மட்டும் கோணலாகிறது?

வெட்டிய பிறகு கோடு அழுத்துகிறீர்கள். முறை வேறு. முதலில் கோடு அழுத்த வேண்டும், பிறகு வெட்ட வேண்டும், கடைசியில் மடிக்க வேண்டும்.

மை தீர்ந்த குமிழ்முனைப் பேனை ஒன்றை எடுங்கள். இரும்பு அடிமட்டத்தை மடிப்புக் கோட்டில் வைத்து, பேனையால் ஒரே வேகத்தில் இரண்டு முறை இழுங்கள். தாள் கிழியக்கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். தாளின் கீழே பழைய பத்திரிகை நான்கு மடிப்பாக இருந்தால் பள்ளம் நன்றாக இறங்கும். இப்போது கத்தி. புதிய பிளேட், மெதுவான கை, ஒரு கோட்டுக்கு மூன்று இழுவை. ஒரே இழுவையில் அறுக்க நினைப்பவர் மேசையையும் விரலையும் அறுப்பார். யன்னல்களை முதலில் வெட்டுங்கள், வெளிக்கோட்டைக் கடைசியில். தாள் முழுதாக இருக்கும்போதுதான் பிடிப்பு இருக்கும். மூலையில் கத்தியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள்.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: வெள்ளை. அட்டை மாதிரியை அட்டை என்று காட்டிக்கொடுப்பது அந்த வெள்ளைக் கோடுதான். ஒட்டுவதற்கு முன்பே, அதே நிறத்து நீர்வர்ணத்தைத் தூரிகை நுனியில், காய்ந்ததுபோல இருக்கும் அளவுக்குத் துடைத்து, ஓரத்தில் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு பெட்டிக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். இதைத் தவிர்ப்பவர்களின் வேலையை நான் இரண்டடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன்.

யன்னலுக்கு ஆழம் வேண்டுமென்றால் பக்கச் சுவரை இரண்டு பிரதி அச்சிடுங்கள். மேல் பிரதியில் யன்னலைப் பெரிதாக வெட்டுங்கள், அடிப் பிரதியில் சட்டத்தை மட்டும் விட்டு வெட்டுங்கள். நடுவே சேட் பெட்டி மூடியின் கண்ணாடிப் பிளாஸ்ரிக். அரை மில்லிமீற்றர் உள்ளே போன யன்னலில் விழும் நிழலை எந்த அச்சாலும் தர முடியாது.

எந்தப் பசை?

மரவேலைக்கு விற்கும் வெள்ளைப் பசை. பல்லுக்குத்தும் குச்சி நுனியில் எடுத்து, ஒட்டுவதற்காக ஓரத்தில் விட்ட நாக்கில் மெல்லியதாகப் பரப்பி, இருபது எண்ணும்வரை பிடித்திருங்கள். குச்சிப் பசை வைகாசி வெயிலில் கழன்றுவிடும். சுப்பர் குளூ தாளை ஊறவைத்துக் கண்ணாடி போலாக்கி விடும். உலோகத்தை ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுமா, அல்லது பார்வைக்கு மட்டுமா?

ஓடும். கடதாசிச் சில்லு நேராக உருளாது, ஆகவே சில்லும் அச்சும் வாங்க வேண்டும். 10.5 மில்லிமீற்றர் விட்டமுள்ளவை நமக்குப் பொருந்தும். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வரும் உறவினர் சொக்கிளேற் கொண்டுவருவதற்குப் பதிலாக இரண்டு பைக்கற் சில்லு கொண்டுவரட்டும், பாரமும் குறைவு. அச்சின் கூம்பு முனை சுழல்வதற்குப் பித்தளைக் கிண்ணம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெறும் பேனை ரீபிலில் சிறு துண்டை அட்டையில் பதித்துச் சமாளிக்கலாம், சற்று உரசும்.

அட்டைப் பெட்டியின் குறை அதன் இலேசு. வளைவில் கவிழும். அமெரிக்க மாதிரி ரயில்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு அவுன்சு, அதன்மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. நம் 18 சென்ரிமீற்றர் பெட்டிக்கு ஏறத்தாழ 130 கிராம் வருகிறது. பாரம் தரைத்தட்டில், சில்லுக்கு அருகே கிடக்க வேண்டும்.

இந்தப் பாரத்தில்தான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முல்லைத்தீவில் வலைக்குக் கட்டும் ஈயம் மலிவாகக் கிடைத்தது. நறுக்கி, ஐந்து பெட்டிகளின் தரைத்தட்டுக்குள் நிரப்பி, வெள்ளைப் பசையைத் தாராளமாக ஊற்றி மூடினேன். அடுத்த ஆண்டு மாரியில் ஒரு பெட்டியின் அடிப்பகுதி பிள்ளைத்தாய்ச்சி போல வீங்கியிருந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது பெட்டி, நான் கையில் எடுத்தபோது, தையல் விட்ட சாக்குப் போலப் பக்கவாட்டில் பிளந்தது. உள்ளே வெள்ளைப் பொடி. வெள்ளைப் பசையிலிருந்து வரும் அசற்றிக் அமிலம் ஈயத்தை அரிக்கிறது. அரித்து உண்டாகும் பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கிறது. மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக இடமில்லை. அன்றிலிருந்து இரும்பு வொஷர்கள்தான். ஈயத்தைத்தான் போடுவேன் என்பவர்கள் அதை வெள்ளைப் பசையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

எஞ்சின் செய்யலாமா?

உடல் அட்டையில், ஓடும் பாகம் வாங்கியதில். பழைய யாழ்தேவிக்கு எம்2 வகை டீசல் எஞ்சின் வேண்டும். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா 1954 முதல் கொடுத்தது அது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று. பிற்காலத்தில் நம் சொந்தங்களில் பாதி எங்கே போய்க் குடியேறப் போகிறது என்று எஞ்சினில் முன்கூட்டியே எழுதி ஓட்டியதுபோல இருக்கிறது.

ஓடும் பாகமான சட்டகத்தை வாங்கும்போது சில்லை எண்ணுங்கள். தொடக்ககால எம்2இன் ஒவ்வொரு சில்லுத் தொகுதியிலும் மூன்று அச்சுகள், அவற்றில் நடு அச்சு வெறுமனே உருளும். இரண்டு அச்சுச் சட்டகத்தில் உடலைக் கவிழ்த்துவிட்டு எம்2 என்று சொன்னால் நான் சும்மா இருப்பேன், ஆனால் பழைய ரயில்வே ஊழியர் ஒருவர் வந்தால் சும்மா இருக்கமாட்டார்.

நிலையத்தை எப்படி அளப்பது?

நிலைய அதிபரிடம் கேளுங்கள். பொதுவாக மறுக்கமாட்டார்கள், ஆனால் கேட்காமல் அளவு நாடாவோடு சுற்றினால் வீண் பிரச்சினை. தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ஒரு மீற்றர் தடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பத்துப் பட்டை தீட்டி, சுவரோரம் சாய்க்காமல் நிறுத்தி, முடிந்தளவு தூரத்தில் நேர் எதிரே நின்று படம் எடுங்கள். பிறகு தடியை வைத்து எல்லா அளவையும் எடுத்துவிடலாம். தடி இல்லையென்றால் கதவு. ஏறத்தாழ இரண்டு மீற்றர் என்று வைத்துத் தொடங்கலாம்.

இப்போது இல்லாத பழைய நிலையத்தை?

இதற்குத்தான் கடையை அடைத்துவிட்டும் போவேன்.

பாதை திரும்ப வந்தபோது நிலையங்களும் புதிதாக வந்தன. மரச் சிலிப்பர் போய்க் கொங்கிறீற் சிலிப்பர் வந்தது. 1990க்கு முந்திய நிலையம் வேண்டுமானால் ஆட்களிடம் போக வேண்டும். குடும்பப் படங்களும் உதவும், ஆனால் இடம்பெயர்ந்த வீடுகளில் படம் எங்கே மிஞ்சியது? நான் கண்ட வழி இது. வெள்ளை அட்டையில் நிறமே இல்லாத ஒரு கட்டடத்தை உத்தேசமாகச் செய்து கொண்டுபோய், முதியவர் முன்னால் வைக்க வேண்டும். “எப்படி இருந்தது ஐயா?” என்று கேட்டால் “நல்லாயிருந்தது” என்பதோடு முடிந்துவிடும். பிழையான மாதிரியைக் காட்டினால் கோபம் வரும். கோபத்தோடு விபரமும் வரும். மாங்குளத்தில் ஓர் ஐயா என் மாதிரியைப் பார்த்த மாத்திரத்தில் டிக்கெட் யன்னலை விரல் நகத்தால் கீறி, “இது இங்கே இல்லை, இங்கே” என்றார். பக்கத்தில் இருந்தவர் “இல்லையண்ணே, நீங்கள் சொல்வது வவுனியா” என்றார். இரண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். தேநீர் இரண்டு முறை வந்தது. நான் இரண்டு இடத்திலும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். அந்த நிலையம் இப்போதும் வெள்ளையாகவே இருக்கிறது, இரண்டு டிக்கெட் யன்னலோடு.

கூரை, வேலி, மரம்?

தகரக் கூரைக்குப் பால்மா பைக்கற்றின் உட்பக்கத்து வெள்ளித் தாளைச் சீப்பின்மேல் வைத்து விரலால் தேய்த்தால் நெளிவு விழும். நிஜத் தகரத்தை அளவோடு சுருக்கினால் நெளிவு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. சீப்பின் நெளிவு அதைவிடப் பெரிது. கண் மன்னித்துவிடும். ஓட்டுக் கூரைக்கு அச்சிட்ட ஓட்டு வரிசைகளைப் பட்டியாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். கிடுகு வேலிக்குப் பழுப்புக் கடதாசியை ஒரு மில்லிமீற்றர் கீற்றாக வெட்டிப் பின்ன வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்.

பனையை எல்லோரும் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். இருபது மீற்றர் பனை நம் அளவில் இருபது சென்ரிமீற்றர், நிலையத்தின் கூரையைவிடப் பல மடங்கு உயரம். தண்டுக்கு ஈர்க்குக் கட்டின்மேல் கடதாசி சுற்றுங்கள். முறிகண்டி நிலையத்தைச் செய்பவர்கள் பிள்ளையார் கோயிலையும் கச்சான் (நிலக்கடலை) கடைகளையும் சேர்க்காவிட்டால், அது முறிகண்டி என்று ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கிளிநொச்சியில் போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை அட்டையில் செய்ய முடியுமா?

அட்டை ஒரு பக்கமாக மட்டும் வளையும். உருளையும் கூம்பும் சுலபம். பந்து போன்ற வளைவு வராது. தோடம்பழச் சுளை மாதிரி ஒடுங்கிய துண்டுகளாக வெட்டிச் சேர்க்க வேண்டும். உடைந்த கொங்கிறீற்றும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் அதைவிடக் கடினம். செய்யலாம். நான் செய்யவில்லை. என் மேசையில் அது நிமிர்ந்தே நிற்கிறது.

மழையிலும் கறையானிலும் நிலைக்குமா?

கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் அட்டை காய்ந்து விறைக்கும், ஐப்பசி மாரி தொடங்கியதும் ஈரத்தைக் குடித்துத் தொய்யும். வார்னிஷை உள்ளும் புறமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்து வளையும். கறையான் சுவர் வழியாக வரும், ஆகவே ரயில் நிற்கும் மேசையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள், அதன் காலுக்கு எண்ணெய்க் கிண்ணம் வையுங்கள். வரைந்த கணினிக் கோப்பைப் பென் டிரைவில் வைத்திருங்கள். கறையான் தின்றதை மறுநாள் அச்சிடலாம்.

பிள்ளைகள் செய்யலாமா?

கத்தரிக்கோலால் செய்யலாம். யன்னலை வெட்டாமல் அச்சிட்டபடியே விடட்டும். நான்கு சில்லுச் சரக்குப் பெட்டியில் தொடங்குங்கள், பயணிகள் பெட்டியில் அல்ல. பெரியவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது என்ன விலை?

விற்பனைக்கு இல்லை. கோப்பைத் தருகிறேன், தாளுக்கும் அச்சுக்கும் உள்ள காசு மட்டும் தாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் கடையில் கூட்டம் குறைவு, அப்போது வந்தால் முதல் பெட்டியைச் சேர்ந்தே ஒட்டலாம். கத்தியை நீங்கள் கொண்டுவாருங்கள். என்னுடையதை நான் இரவல் கொடுப்பதில்லை.